மூன்றாம் பீரங்கியின் ஐந்து குண்டுகள்

போர் முடிந்த பிறகான அந்த வருஷங்களில் லாஸ்னா கிராமத்தில் காளான் பொறுக்கப் போனவர்களைவிட இரும்பு பொறுக்கப் போனவர்கள்தான் அதிகம். கிர்ன் மலைச் சரிவில் இரண்டு ராணுவங்கள் இருபத்தொன்பது மாதம் ஒன்றன்மேல் ஒன்று கொட்டித் தீர்த்ததெல்லாம் அப்படியே கிடந்தது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தி போய்விட்டார், இத்தாலிக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான், குண்டுகள் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் உருளைக்கிழங்குப் பாத்தியில் தலைகாட்டிக்கொண்டிருந்தன. இரும்பு, பித்தளை எதுவானாலும் கொபாரிட் டவுன் வியாபாரி எடுத்துக்கொள்வான். ஆனால் செம்புக்குத்தான் மவுசு. ஒவ்வொரு குண்டின் இடுப்பிலும் ஒரு செம்பு வளையம் இருக்கும். அதற்காக உயிரைக் கொடுக்கவும் ஆள் இருந்தது, சிலர் கொடுத்தும்விட்டார்கள்.

கொடுக்காமல் தப்பியவர்களில் பாதிப்பேர் இசிதோர் குரின்ச்சிச்சிடம் கேட்டுவிட்டுத் தொட்டவர்கள். இசிதோர் கொல்லனுக்குப் பிறந்தவன், ஒல்லி, தோள் கொஞ்சம் கூனல், பேச்சு அளந்துதான் வரும். முற்றத்தில் பழைய வெடிமருந்துப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் பல அளவில் துளை போட்ட ஒரு பீச் மரப் பலகை, ஒரு துண்டு சுண்ணக்கட்டி. வெடித்த குண்டின் சில்லு கொண்டுவந்தால் துளையில் வைத்துப் பார்த்து யாருடையது, எந்தப் பீரங்கி என்று சொல்லிவிடுவான். வெடிக்காத முழுக் குண்டு என்றால் அது கிடக்கும் இடத்துக்கே நடந்து போவான். வட்டம் போட்டால் எடுக்கலாம். சிலுவை போட்டால் தொடக்கூடாது.

கஷ்பர் என்று ஒரு பயல், இருபத்துமூன்று வயது, வாய் ஓயாதவன். வாரத்தில் நாலு நாள் அங்கேதான் கிடப்பான்.

"மச்சான், இது என்ன?"

"நம்மாளோடது. எட்டு சென்டிமீட்டர்."

"நானும்தான் அளந்தேன். எட்டு எங்க வருது? ஏழரைக்கு ஒரு இழை மேல வருது."

"ஏழரையும் ஒன்றரை மில்லியும். பேரு மட்டும் எட்டு."

"அப்ப தோக்காம என்ன செய்வீங்க? குண்டோட அளவையே கூட்டிச் சொல்ற ராணுவம்."

இசிதோர் சிரித்தான். கஷ்பர் 'மச்சான்' என்று கூப்பிடுவதற்கே அவனுக்குப் பாதிச் சிரிப்பு வந்துவிடும். கஷ்பரின் அக்கா மர்யூத்தாவை அவன் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று ஊருக்கே தெரிந்துபோயிருந்தது.

இந்த வித்தை அவனுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். படையில் சேர்ந்தபோது கொல்லன் மகன் என்பதால் அவனை வியன்னாவுக்குத் தெற்கே இருந்த சோதனை மைதானத்துக்கு அனுப்பினார்கள். தொழிற்சாலைகள் புதிது புதிதாகச் செய்து தரும் பீரங்கிகளைச் சுட்டுப் பார்க்கும் இடம் அது. ஒரு மாடல் தேறினால் பத்து மாடல் கழிந்து போகும். சுட்டு முடிந்ததும் வயலில் இறங்கிச் சில்லுகளைப் பொறுக்கி வந்து, மேசையில் பரப்பி, எது எந்தக் குண்டின் எந்தப் பாகம் என்று எழுதுவது அவன் வேலை. மூன்று வருஷத்தில் நகத்தளவு இரும்பைப் பார்த்தே அதன் பிறப்பு வளர்ப்பைச் சொல்லப் பழகிவிட்டான்.

1916 ஜூலையில் அங்கிருந்து நாலே நாலு பீரங்கிகளைப் போர்முனையில் சுட்டுப் பார்க்க அனுப்பினார்கள். உலகத்தில் அந்த வகையில் இருந்ததே நாலுதான். வழக்கமான பீரங்கியைவிட நீளக் குழாய், கூடுதல் தூரம். குண்டுக்கு ஒரு வளையம் போதாதென்று இரண்டு செம்பு வளையம் வைத்திருந்தார்கள். எந்தச் சில்லு எந்தப் பீரங்கியுடையது என்று பிறகு தெரிய வேண்டுமே, அதற்காகக் குண்டின் அடியில் புள்ளி குத்துவார்கள். முதல் பீரங்கிக்கு ஒன்று, மூன்றாவதற்கு மூன்று. சுத்தியும் உளியும் பிடித்து அந்தப் புள்ளிகளைக் குத்தியது இசிதோரின் கைதான். கூடவே பீரங்கிகளோடு அவனையும் அனுப்பினார்கள். அனுப்பிய இடம் அவன் சொந்த மலை. லாஸ்னா அப்போது மலைக்கு அந்தப் பக்கம், எதிரியின் கையில் இருந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, காவல் மேட்டில் லெப்டினன்ட் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"குரின்ச்சிச், கீழ தெரியறது உன் ஊர்தானே? தண்ணித் தொட்டிப் பக்கம் என்னமோ அசையுது. ஊர்க்காரங்களா?"

இசிதோர் தொலைநோக்கியைத் தொடக்கூட இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? பனி உருகியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே போனால், செப்டம்பரில் மாதாவின் பிறந்தநாளுக்குத்தான் லாஸ்னா ஜனம் கீழே இறங்கும். புல் அறுப்பதும் காய வைப்பதும் பாலாடைக்கட்டி போடுவதும் மேலேதான். பிள்ளை பெறுவதுகூட மேலேதான். அவனே புல்மேட்டில் பிறந்தவன்.

"ஆகஸ்ட்ல எங்க ஊர்ல மனுஷங்க இருக்க மாட்டாங்க சார். கோழியும் நொண்டியும்தான். அசையறது பூரா இத்தாலிக்காரன்."

லெப்டினன்ட் சிரித்தார். வேறு யாராவது வெளியூர்க்காரனைக் கேட்டிருந்தால் 'தெரியாது சார்' என்றிருப்பான், அவரும் கொஞ்சம் யோசித்திருப்பார். கேட்டது ஊர்க்காரனை. மூன்றாம் பீரங்கி நாற்பது குண்டு சுட்டது. முப்பத்தைந்து வெடித்தது, ஐந்து வெடிக்கவில்லை. இசிதோர் குறிப்பேட்டில் அப்படியே எழுதினான். மாலையில் அவனுக்கு இரண்டு சுருட்டு கிடைத்தது. இரண்டையும் பிடித்தான்.

1919இல் ஊர் திரும்பியபோதுதான், போகிற போக்கில் யாரோ சொன்ன ஒரு விஷயம் காதில் விழுந்தது. 1916 கோடையில் யாரையும் மலைக்கு விடவில்லையாம். புல்மேடு பூராவும் பதுங்குகுழி. இத்தாலிக்காரச் சிப்பாய்கள் பாதையை அடைத்துவிட்டார்கள், ஊர்ஜனம் முழுக்க வீட்டிலேயே இருந்ததாம். இசிதோர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மர்யூத்தாவின் மகள் ஆன்ச்கா அந்தக் கோடையில் தண்ணித் தொட்டியடியில் குண்டு விழுந்து செத்தவள். ஆறு வயது. மர்யூத்தாவின் புருஷன் அதற்கு முன்பே கலீசியாப் போர்முனையில் செத்துப்போயிருந்தான். அவள் வீட்டுச் சிலுவை மூலையில், பாடுபட்ட சுரூபத்துக்குக் கீழே, ஒரு வெள்ளைக் கைக்குட்டை முடிச்சு இருந்தது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் அப்படி ஒரு முடிச்சு உண்டு. உள்ளே என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதில் இருந்தது பிள்ளையின் உடம்பிலிருந்து எடுத்த சில்லு. மூன்று வருஷம் இசிதோர் அந்த வீட்டில் உட்கார்ந்து சோளக் களி சாப்பிட்டான், விறகு பிளந்து கொடுத்தான், கூரைக்குத் தகடு அடித்தான். ஊரில் இருக்கிற இரும்புக்கெல்லாம் பேர் சொன்னவன், அந்த ஒரு முடிச்சை மட்டும் 'காட்டு' என்று கேட்டதில்லை. முதுகை அதற்குக் காட்டித்தான் எப்போதும் உட்காருவான்.

1922இல் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மர்யூத்தா பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய்க் கைக்குட்டை முடிச்சை எடுத்துக்கொண்டு இசிதோரின் முற்றத்துக்கு வந்தாள். கஷ்பர் அங்கே ஒரு பித்தளை உறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சாமியார் சொல்றார், ஆன்ச்காவைக் கொன்னவனை மன்னிச்சுட்டுத்தான் புதுக் குடித்தனத்துக்குப் போகணுமாம்," என்றாள் மர்யூத்தா. "சரிதான். மனசுல கல்லைக் கட்டிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள போகக்கூடாது. ஆனா யாரை மன்னிக்கிறது? விலாசம் இல்லாம கடுதாசி போட முடியுமா? நீங்க பார்த்துச் சொல்லுங்க."

முடிச்சை அவிழ்த்துப் பலகைமேல் வைத்தாள். உள்ளங்கை அளவு சில்லு. இரண்டு வளையம் உட்கார்ந்திருந்த இரண்டு பள்ளம். அடி விளிம்பில் மூன்று புள்ளி, மூன்றாவது கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவன் உளி எப்போதும் மூன்றாவது புள்ளியில் சாயும்.

பலகையில் வைத்து அளக்கவே தேவையில்லை. ஆனாலும் அளந்தான். துளை துளையாக வைத்து எடுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக ஒருத்தி அவன் வீட்டுக்கு வரப் போகிறாள். நாளைக்கு மூன்றாவது ஓலை.

"இத்தாலிக்காரனோடது," என்றான்.

மர்யூத்தா மூச்சை விட்டாள். "அப்படியா. சரி."

அதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். கஷ்பர் விட்டானா? சில்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டு வளையமா? இத்தாலிக்காரன் குண்டுல நான் பார்த்ததே இல்லையே மச்சான்."

"பழைய மாடல். கப்பல்ல இருந்ததைக் கழட்டி மலைக்கு இழுத்துட்டு வந்தான்." பொய் சொல்லத் தெரியாதவன் சொல்கிற பொய்யில் விவரம் கூடிக்கொண்டே போகும். "அந்தப் புள்ளி அவனோட கிடங்கு அடையாளம்."

"அப்ப மூக்கு? மத்த இத்தாலிக்காரக் குண்டு மாதிரியே திருகினாக் கழண்டு வருமா?"

இசிதோருக்கு அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

"வரும்," என்றான்.

பாவி. அந்த ஒரு வார்த்தையை மட்டுமாவது விழுங்கியிருக்கலாம். சோதனைக் குண்டின் மூக்கு வேறு வகை. ஒருமுறை சுடப்பட்டுவிட்டால், உள்ளே வெடிக்க வைக்கும் ஊசியை மயிரிழைதான் பிடித்திருக்கும், திருகினால் வெடிக்கும் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தப் பள்ளத்தாக்கில் யாருமில்லை.

கல்யாணம் நடந்தது. மர்யூத்தா சிரிக்கத் தொடங்கினாள், பாட்டுக்கூட வந்தது. வீட்டில் ஒரு பன்றி, இரண்டு பசு. கைக்குட்டை முடிச்சு புது வீட்டின் சிலுவை மூலைக்கு வந்து சேர்ந்தது. சாமியார் சொன்னபடி இத்தாலிக்காரர்களுக்காகத் தினமும் ஒரு ஜெபம் சொன்னாள். இசிதோர் பக்கத்தில் முட்டிபோட்டுக்கொண்டு 'ஆமென்' சொன்னான். அவனைக் கொன்றுபோட வேண்டும் என்று எனக்குத் தோன்றும் இடம் இதுதான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. ஐந்து குண்டு என்ற கணக்கு அவன் மண்டையில் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும், குறிப்பேட்டில் எழுதிய இடங்களை நினைவில் வைத்துத் தனியாகச் சரிவில் ஏறுவான். முதல் வருஷம் இரண்டு கிடைத்தது. அடுத்த இலையுதிர்காலத்துக்குள் இன்னும் இரண்டு. பச்சைக்குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துத் தூக்கிப் போய், ஆழம் தெரியாத பாறைப் பிளவில் கயிற்றில் கட்டி இறக்கிவிட்டான். நாலு முடிந்தது. ஐந்தாவது மட்டும் அகப்படவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் இரும்பு பொறுக்கப் போறீங்க, வரும்போது வெறும் கையோட வர்றீங்க," என்பாள் மர்யூத்தா.

"நடந்துட்டு வந்தேன்."

"மலையில தெரியாத இடம் பாக்கி இருக்கா உங்களுக்கு?"

கஷ்பரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், 'ரெண்டு வளையம் பார்த்தா தொடாதே' என்று. பலமுறை வாய்வரை வந்தது. சொன்னால் 'ஏன்?' என்பான். கஷ்பர் எதற்குத்தான் 'ஏன்' கேட்காமல் விட்டான்? இன்னும் ஒன்றுதானே பாக்கி, அதையும் கண்டுபிடித்துவிட்டால் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்துத் தள்ளிப்போட்டான்.

1924 மே மாதம், பனி உருகிச் சரிவிலிருந்து மண் வழிந்த வாரம். கொபாரிட் போயிருந்த இசிதோர் பாலத்தருகே வரும்போது சத்தம் கேட்டது. லாஸ்னாவில் அந்தச் சத்தம் புதிதில்லை. யாரும் ஓட மாட்டார்கள், முதலில் தங்கள் வீட்டு ஆட்களைத்தான் எண்ணிப் பார்ப்பார்கள். இசிதோர் மட்டும் ஓடினான்.

கஷ்பர் தன் வேலியோரத்தில்தான் அதைக் கண்டெடுத்திருந்தான். மண்ணைத் துடைத்து, புள்ளியைப் பார்த்து, பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினானாம். "இது இத்தாலிக்காரனோடது, ரெண்டு வளையம், டபுள் செம்பு. எங்க மச்சான் சொன்ன ஜாதி." வயல்காரர், "எதுக்கும் அவரு வரட்டும்" என்றாராம். "இதுக்கெல்லாம் அவரைத் தொந்தரவு பண்ணுவானேன், மூக்கு கழண்டு வரும்னு அவரே சொல்லியாச்சு" என்றானாம். வயல்காரர் திரும்பி இருபது அடிகூட நடக்கவில்லை.

அவனை மர்யூத்தாதான் பொறுக்கிச் சேர்த்தாள். சேர்த்த வேலை என்ன வேலை என்று நான் விவரிக்கப் போவதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, மேசையில் இசிதோர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மர்யூத்தா இடுப்பில் கட்டிய முன்துணியிலிருந்து ஒரு வட்டத் தகட்டை எடுத்து வைத்தாள். குண்டின் அடிப்பாகம். தொட்டியில் கழுவியிருந்தாள். சிலுவை மூலையிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்துப் பழைய சில்லைப் பக்கத்தில் வைத்தாள். இதில் மூன்று புள்ளி, அதிலும் மூன்று புள்ளி. இரண்டிலும் மூன்றாவது சாய்ந்திருந்தது.

"மூக்கு கழண்டு வரும்னீங்க," என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இரும்பு விஷயத்துல நீங்க தப்பா சொல்லி நான் பார்த்ததில்ல. ஊர்ல யாரும் பார்த்ததில்ல. அப்ப இது தப்பு இல்ல. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை எதைத் தேடிட்டு இருந்தீங்க?"

அப்போது சொன்னான். சோதனை மைதானம், நாலு பீரங்கி, புள்ளி குத்தியது, காவல் மேடு, நாற்பது குண்டு, ஐந்து குண்டு, எல்லாவற்றையும். சுருட்டைக்கூட விடவில்லை. இடையில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

மர்யூத்தா கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாள்.

"அந்த ஆபீசர் கேட்டப்ப என்ன சொன்னீங்க? அதே வார்த்தையைச் சொல்லுங்க."

"'கோழியும் நொண்டியும்தான்'னு சொன்னேன்."

"ஆன்ச்கா அன்னைக்கு அழுதுக்கிட்டே இருந்தா. புல்மேட்டுக்குப் போகணும், ஏன் இந்த வருஷம் போகலன்னு. தொட்டியில கப்பல் விட்டு விளையாடுன்னு நான்தான் அனுப்பி வெச்சேன்." கறவைப் பாத்திரத்தை எடுத்தாள். "பசு கத்துது," என்று சொல்லிவிட்டுப் பால் கறக்கப் போனாள்.

அவள் வீட்டை விட்டுப் போகவில்லை. எங்கே போவாள்? சோளக் களி கிண்டினாள், அவன் சட்டையைத் தைத்தாள், பேச வேண்டியதற்குப் பேசினாள். இத்தாலிக்காரர்களுக்கான ஜெபம் நின்றது. அதற்குப் பதில் என்ன சொல்கிறாள் என்று இசிதோருக்குத் தெரியாது. உதடு மட்டும் அசையும். கைக்குட்டை முடிச்சு இப்போது கொஞ்சம் பெரிதாகி அதே மூலையில் உட்கார்ந்திருந்தது.

துளைப் பலகையை அவன் அடுப்பில் போட்டுவிட்டான். அதன் பிறகும் ஜனம் வந்தது. எதைக் கொண்டு காட்டினாலும் "தொடாதே" என்றான். வெறும் சில்லைக் காட்டினாலும் "தொடாதே". மச்சானைப் பறிகொடுத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள், பிறகு கேலி செய்தார்கள், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த போர் வந்தது, புதுக் குண்டுகள் வந்தன, கொடியும் அரசாங்கமும் மறுபடி மாறின. தண்ணித் தொட்டிப் பக்கமாக அவன் ஒருநாளும் போனதில்லை. கோவிலுக்குப் போகக்கூடக் கல்லறையைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

1951 மார்ச்சில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தான். சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன காலை. வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மர்யூத்தா கட்டிலருகே உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தேழு வருஷம் கேட்காததை அவன் கேட்டான்.

"மர்யூத்தா. மன்னிச்சுட்டியா?"

அவள் கை நின்றது.

"ஆன்ச்காவுக்கா, கஷ்பருக்கா?"

அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஆன்ச்காவைக் கொன்னவனை மன்னிக்கத்தான் அன்னைக்கு வந்தேன்," என்றாள் மர்யூத்தா. "யாரா இருந்தாலும் மன்னிச்சுடறதுன்னு கோவில்லயே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன். நீங்கன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அடிச்சிருப்பேன், ஆனாலும் மன்னிச்சிருப்பேன். எல்லாம் என் கையில தயாரா இருந்துச்சு. பேரு மட்டும்தான் கேட்டேன்."

இசிதோர் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து வழிந்ததை அவள் முன்துணியால் துடைத்துவிட்டாள்.

"கஷ்பருக்கு?" என்று கேட்டான்.

"தினமும் முயற்சி பண்றேன். இன்னைக்குக் காலையிலயும் பண்ணினேன்," என்று சொல்லிவிட்டு, அடுத்த பீன்ஸைக் கையில் எடுத்தாள். "இன்னும் வரல."